தூக்காமல் கடலுக்குப் போக முடியுமா: கன்னியாகுமரி, திருச்செந்தூர், தூத்துக்குடி, உவரி

பாளையங்கோட்டையில் இருந்து கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் கடல் வந்துவிடும். கார் போய் நிற்கிற இடத்துக்கும் அலைக்கும் நடுவில் ஒரு ஐம்பது மீட்டர் மணல் கிடக்கும். சக்கர நாற்காலிக்காரனான எனக்கு அந்த ஐம்பது மீட்டர்தான் பயணமே.

எங்கே போனாலும் கேட்கிற வார்த்தை ஒன்று உண்டு: "அதுக்கென்ன அண்ணாச்சி, தூக்கிருவோம்." நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தூக்குகிறவருக்கு இடுப்பு பிடிக்கும், எனக்கு வேட்டி நழுவும், சுற்றி நிற்கிற கூட்டம் உச்சுக்கொட்டும். அதனால் கடற்கரைகளை ஒப்பிட நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான். போய்விட்டு வீடு திரும்புவதற்குள் என்னை எத்தனை தடவை தூக்க வேண்டியிருந்தது? நாற்காலியில் இருந்து காருக்கு நானே கையை ஊன்றி மாறிக்கொள்வேன், அது கணக்கில் வராது.

முதலில் கன்னியாகுமரி. நாலுவழிச் சாலையில் எண்பத்தைந்து கிலோமீட்டர் போல வரும். கடலைப் பார்க்க மட்டும் என்றால் இதை அடிக்க ஆள் இல்லை. கரையோரம் கல் பாவிய நடைபாதை, நாற்காலி பாட்டுக்கு உருளும். ஒரே ஊரில் சூரியன் எழுவதையும் விழுவதையும் பார்க்கலாம், சித்திரைப் பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும். தூக்கு: பூஜ்யம்.

ஆனால் ஊருக்குப் போய்விட்டுப் பாறைக்குப் போகாமல் வர யாருக்கு மனசு வரும்? 1970-இல் வந்த விவேகானந்தர் நினைவு மண்டபம், 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம். பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்து நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகலாம். அந்தப் பாலத்துக்குப் போய்ச் சேரத்தான் படகு ஏற வேண்டும். படகு ஆடும், துறையில் படி, பாறையில் படி, திரும்பும்போது மறுபடி அதே. நான் போன அன்று ஆறு தூக்கு. மதினி எண்ணிக்கொண்டே வந்தாள். கடலைத் தொடுவதும் இங்கே லேசில்லை: பாறை, படித்துறை, வழுக்கல்.

திருச்செந்தூருக்கு ரயிலில் போகலாம் என்பதே ஒரு கவர்ச்சி. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் என்று வயலும் வாழையுமாகப் போகும். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி ரயிலின் ஏதாவது ஒரு முனையில் இருக்கும், எந்த முனை என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாவிட்டால் நாற்காலியைத் தள்ளுகிறவர் பிளாட்பாரம் முழுக்க ஓட வேண்டியதுதான். ஏற ஒன்று, இறங்க ஒன்று, திரும்பும்போதும் அப்படியே. ஆக, மணலைப் பார்க்கும் முன்பே கணக்கு நாலு.

ஆறுபடை வீடுகளில் கடலோரத்தில் இருப்பது இது ஒன்றுதான், மலைப்படிக்குப் பயப்பட வேண்டாம். நாழிக்கிணறு மட்டும் படி இறங்க வேண்டிய இடம், எனக்கு ஒரு வாளித் தண்ணீர் மேலே வந்தது. கடல்தான் சிக்கல். அலை வேகம், கூட்டம், ஈரத்துணியோடு குறுக்கும் நெடுக்கும் ஆட்கள். அண்மை ஆண்டுகளில் கடலரிப்பும் சேர்ந்துகொண்டது. போன மாதம் சரிவாகக் கிடந்த மணல் இந்த மாதம் இடுப்பளவு வெட்டாக நிற்கும். பக்திக்குப் போங்கள். கால் நனைக்க என்று இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மணப்பாடு பற்றிக் கேட்பார்கள். பிரான்சிஸ் சவேரியார் 1542 வாக்கில் தங்கிய குகை, மணல்மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில், அழகுக்குக் குறைவே இல்லை. மேடு மேடுதான். கீழே காரில் இருந்தபடி பார்த்தேன், திருப்தியாகத்தான் இருந்தது.

தூத்துக்குடியை நம் ஊர்க்காரர்கள் சுற்றுலா என்றே கணக்கில் எடுப்பதில்லை. உப்பளம், துறைமுகம், மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்புகிற ஊர். ஆனால் சக்கர நாற்காலிக்கு வேண்டியது அடங்கிய கடல், அது இங்கேதான் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளப்பாறையும் அலையின் பலத்தை வெளியிலேயே வாங்கிக்கொள்கின்றன. கன்னியாகுமரியில் ஒரு அலை நாற்காலியைக் கவிழ்த்துவிடும், முத்துநகர் கடற்கரையில் அது சக்கரக் கம்பிக்குள் புகுந்து விளையாடிவிட்டுப் போகும். பயந்த சுபாவம் உள்ள குழந்தைகளுக்கும், இரைச்சல் தாங்காத ஆட்டிசம் குழந்தைகளுக்கும் ஞாயிறு தவிர்த்த காலை வேளையில் இதைத்தான் சொல்வேன். தூக்கு: ஒன்று. அதுவும் எங்களிடம் அன்று பலகை இல்லாததால்.

பலகை வித்தையைக் கற்றது உவரியில். கப்பல் மாதா கோயில், அந்தோனியார் திருத்தலம், சுயம்புலிங்க சுவாமி கோயில் எல்லாம் அடுத்தடுத்து இருக்கிற ஊர். சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்துவந்து கொட்டுவார்கள். என் சக்கரமும் பத்தடியில் ஒரு பெட்டி மண் அள்ளிவிட்டது. முன்னால் இருக்கிற சின்னச் சக்கரங்கள் புதைந்து, அண்ணன் பின்னால் இருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாய்ப் போனது. வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தள்ளாதீங்க. திருப்பிப் போட்டு இழுங்க."

அப்படியே செய்தோம். நாற்காலியைத் திருப்பி, லேசாகச் சாய்த்து, சின்னச் சக்கரம் அந்தரத்தில் நிற்க, பெரிய சக்கரத்தில் பின்பக்கமாக இழுத்தால் வருகிறது. மிக மெத்தையான இடத்தில் அவர் ஒரு பழைய வள்ளத்தின் பலகை இரண்டைக் கொண்டுவந்து போட்டார். ஒன்றின் மேல் நின்று மற்றதை முன்னால் மாற்றி மாற்றி, நனைந்த மணல் வரைக்கும் போய்விட்டோம். நனைந்த மணல் இறுகிக் கிடக்கும், அங்கே நாற்காலி தார்ச்சாலையில் போவதுபோலப் போகும். அலை முழங்காலுக்கு வந்தது. எனக்கு முழங்காலில் உணர்ச்சி கிடையாது, கையைத் தொங்கவிட்டுத்தான் தொட்டேன். தூக்கு: பூஜ்யம். போனது முதுகைக் காட்டிக்கொண்டு என்பது மட்டும்தான் குறை.

அந்தக் கரையில் படகுகளை டிராக்டர் கட்டி மணலில் இழுக்கிறார்கள். அகலமான டயர் என்பதால் புதைவதில்லை. வெளியூர்க் கடற்கரைகளில் இருக்கிற பலூன் டயர் நாற்காலியும் இதே கணக்குதான். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள், 263 மீட்டர். பன்னிரண்டாம் நாளே மாண்டஸ் புயல் அதன் கடல்பக்க முனையைப் பெயர்த்துப் போட்டது, அப்புறம் சரிசெய்தார்கள். நம் பக்கத்தில் போட்டால் கழற்றி மாட்டுகிற மாதிரிப் பாய் போடுவதே உத்தமம். திருச்செந்தூர் மணல் போகிற போக்குக்கு நிலையான பாதை எத்தனை மழைக்காலம் தாங்கும்?

என் நண்பர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. அவர் என் பட்டியலை அப்படியே தலைகீழாக்கிவிட்டார். "தூத்துக்குடியில என்ன இருக்கு? சத்தமே இல்லையே" என்றார். அவருக்கு உவரிதான் முதல், காரணம் அலை உடையும் இடமும் வலை இழுக்கிற குரலும் கோயில் மணியும் வேறு வேறு திசையில் கேட்கிறதாம். தூக்குக் கணக்கு அவருக்கு எதற்கு, சரிதான்.

எந்த ஊரானாலும் பாதி முடிவைக் கழிப்பறைதான் எடுக்கும். ஒரு இடத்தில், ஊர் பெயர் வேண்டாம், வாசலில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் பளிச்சென்று வரைந்திருந்தது. கதவை அளந்தோம்: அறுபது சென்டிமீட்டர். என் நாற்காலி அறுபத்தைந்து. விதிப்படி வேண்டியது தொண்ணூறு. சாய்தளமும் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ மூட்டை சறுக்கிவிடத்தான் லாயக்கு. அதிலிருந்து கிளம்பும்போதே வழியில் கழிப்பறை சரியாக உள்ள சாப்பாட்டுக்கடை எது என்று பார்த்துவைத்துவிடுகிறோம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். சித்திரை, வைகாசியில் கள்ளக்கடல் (காற்று இல்லாமலே திடீரென்று கடல் பொங்கிக் கரையேறுவது) எச்சரிக்கை வந்தால் எந்தக் கரைக்கும் போகாதீர்கள், நாற்காலியில் இருந்து ஓட முடியாது. ஐப்பசியில் திருச்செந்தூரில் சஷ்டிக் கூட்டம், கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள். தைப்பூசம் முடிந்து பங்குனி வரைக்கும் உள்ள நாள்கள் தோது, மாசித் திருவிழாவில் திருச்செந்தூரை மட்டும் விட்டுவிடலாம்.

இந்த மாசியில் தூத்துக்குடிக்கே போகிறோம். உவரிப் பெரியவர் போட்ட பலகையின் அளவுக்கு ஒட்டுப்பலகையில் இரண்டு வெட்டியாகிவிட்டது, ஓரத்தில் கயிறு கோர்க்க ஓட்டையும் போட்டாயிற்று. கார் டிக்கியில் பலகை, நாற்காலி இரண்டையும் வைத்தால் சாப்பாட்டு வாளிக்கு இடம் இல்லை, அது மதினி மடியில்தான்.