பொம்மை எந்தத் தெருவில் வாழ வேண்டும்? செசமி ஸ்ட்ரீட்டும் மிஸ்டர் ரோஜர்ஸும்

பள்ளிக்கூடம் போகும் வயது வராத குழந்தைக்கு நல்ல பொம்மைத் தொடர் எது என்று கேட்டால், அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி தந்த இரண்டு பெயர்கள்தான் இன்றும் முதலில் வருகின்றன. பிட்ஸ்பர்க்கில் எடுத்த ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ 1968 பிப்ரவரியில் நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது. நியூயார்க்கின் ‘செசமி ஸ்ட்ரீட்’ 1969 நவம்பரில் வந்தது. இரண்டுக்கும் பின்னால் குழந்தை உளவியல் படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரே ஒரு கேள்விக்கு இரண்டும் நேரெதிரான பதில் சொல்லின: பொம்மையும் மனிதரும் ஒரே தெருவில் வாழலாமா? இரண்டுக்கும் இடையே உள்ள மற்ற வித்தியாசங்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவை என்றே நினைக்கிறேன்.

செசமி ஸ்ட்ரீட் குழுவும் முதலில் ‘கூடாது’ என்றுதான் முடிவு செய்திருந்தது. கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று ஆலோசகர்கள் சொன்னார்கள். அதனால் தெருக் காட்சிகளில் மனிதர்கள் மட்டும். பொம்மைகள் தனித் துண்டுகளில். 1969 கோடையில் சோதனை எபிசோடுகளைக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கவனத்தை அளக்க ஆய்வாளர் எட்வர்ட் பால்மர் வைத்திருந்த வழி எளிமையானது: டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரை, அதில் ஏழெட்டு வினாடிக்கு ஒரு படம் மாறும். குழந்தையின் கண் எந்த நொடியில் டிவியை விட்டு அந்தப் படத்துக்குப் போகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். பொம்மைகள் வந்தபோது கண் அசையவில்லை. மனிதர்கள் மட்டும் பேசிய தெருவுக்கு வந்ததும் கண் நழுவிவிட்டது. அப்புறம்தான் தெருவிலேயே வாழும் பிக் பேர்டும் (உடைக்குள் ஆள் நின்று இயக்கும் ராட்சதப் பறவைப் பொம்மை) குப்பைத் தொட்டிக்குள் வசிக்கும் ஆஸ்கரும் பிறந்தார்கள். ஆலோசகர்களின் பேச்சை மீறியதால்தான் தொடர் பிழைத்தது.

‘மிஸ்டர் ரோஜர்ஸ்’ தொடரை உருவாக்கி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸோ, நிஜத்துக்கும் கற்பனைக்கும் நடுவே போட்ட எல்லைக்கோட்டைக் கடைசிவரை அழிக்கவே இல்லை. வீட்டுக்குள் வருவார், கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் மாட்டுவார், ஷூ மாற்றுவார், மீனுக்கு இரை போடுவார். இதெல்லாம் நிஜம். பிறகு ஒரு குட்டி டிராம் வண்டி சுவரில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். அந்தப் பக்கம் கற்பனை ஊர். அரசர் ஃபிரைடே, முள் இல்லாத கடிகாரத்துக்குள் வசிக்கும் கூச்ச சுபாவப் புலி டேனியல் எல்லாரும் அங்கே. அவர்களில் பெரும்பாலோருக்குக் குரல் கொடுத்தவர் ரோஜர்ஸ்தான். ஆனால் ‘மிஸ்டர் ரோஜர்ஸ்’ ஆக அவர் அந்த ஊருக்குள் கால் வைக்க மாட்டார். டிராம் திரும்பி வந்ததும், “அங்கே என்ன நடந்தது, பார்த்தாயா?” என்ற தோரணையில் குழந்தையிடம் பேசுவார்.

1981இல் இந்த இரண்டு உலகங்களும் உரசிக்கொண்டன. பிக் பேர்டை ரோஜர்ஸ் தன் நிகழ்ச்சிக்கு அழைத்தார். உடைக்குள் ஆள் எப்படி இருக்கிறார் என்று குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். உள்ளே இருந்த கேரல் ஸ்பின்னி மறுத்துவிட்டார்; பிக் பேர்ட் உண்மை என்று நம்பும் குழந்தையின் மனதை உடைக்க அவருக்கு இஷ்டமில்லை. கடைசியில் பிக் பேர்ட் கற்பனை ஊரில் மட்டும் தோன்றுவது என்று முடிவானது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

பொம்மையை இயக்கும் கைவேலையில் செசமி ஸ்ட்ரீட்டை அடிக்க ஆளில்லை. பிக் பேர்டின் உயரம் எட்டடிக்கு மேல். ஸ்பின்னி வலது கையை எந்நேரமும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். பறவையின் தலை, வாய், கண்ணிமை எல்லாம் அந்த ஒரு கையில். இடது கை இடது இறக்கைக்குள். வலது இறக்கையை இடது கையோடு இணைத்திருப்பது ஒரு தூண்டில் நரம்பு. உடைக்குள்ளிருந்து வெளியே எதுவும் தெரியாது என்பதால் மார்பில் ஒரு சின்ன டிவியைக் கட்டிக்கொண்டு, கேமரா பார்ப்பதைத் தானும் பார்த்தபடி நடிப்பார். ரோஜர்ஸின் பொம்மைகளோ சாதாரணக் கையுறைப் பொம்மைகள். டேனியலுக்கு வாய்கூட அசையாது. இன்றைய குழந்தை ஆரம்பத்தில் எழுந்து ஓடிவிடலாம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அசையாத அந்த முகத்தில்தான் ஒரு குழந்தையால் தன் பயத்தை வைத்துப் பார்க்க முடிகிறது. எங்கள் வீட்டு வாண்டு செசமி ஸ்ட்ரீட் பொம்மை எல்மோவைப் பார்த்து ஆடுவாள். டேனியலிடம் பதில் சொல்வாள்.

எழுத்து, எண் விஷயத்தில் பேச்சே இல்லை, செசமி ஸ்ட்ரீட்தான். முதல் ஆண்டு முடிந்ததும் நடந்த மதிப்பீட்டில், அதிகம் பார்த்த மூன்று வயதுக் குழந்தைகள் குறைவாகப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தைகளைத் தாண்டியிருந்தார்கள். இந்தியாவுக்கென 2006இல் ‘கலி கலி சிம் சிம்’ வந்தது, ஆனால் இந்தியில். நம் வீட்டில் பார்ப்பது பெரும்பாலும் ஆங்கில மூலம்தான். ஆங்கிலம் இன்னும் காதுக்குப் பழகாத குழந்தைக்கு ரோஜர்ஸின் நிதானமான பேச்சு பிடிபடும் அளவுக்கு செசமி ஸ்ட்ரீட்டின் வேகம் பிடிபடாது.

கடினமான விஷயங்களில்தான் உண்மையான போட்டி. விவாகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜர்ஸ் 1981இல் ஒரு வாரம் முழுக்க அதைப் பேசினார். அப்பா அம்மா சண்டை போடும் பயம் கற்பனை ஊரின் இளவரசனுக்கு வந்தது. அந்தப் பயத்தைப் பற்றிய பேச்சு ரோஜர்ஸின் வீட்டில் நடந்தது. செசமி ஸ்ட்ரீட் 1992இல், பிக் பேர்டின் நண்பனான ஸ்னஃபி என்ற பொம்மையின் பெற்றோர் பிரிவதாக ஒரு எபிசோட் எடுத்து, வழக்கம்போலக் குழந்தைகளுக்குக் காட்டிச் சோதித்தது. குழந்தைகள் கலங்கிப்போனார்கள். சண்டை வந்தாலே பிரிவுதான் என்று சிலர் புரிந்துகொண்டார்கள். எபிசோட் ஒளிபரப்பாகவே இல்லை. எடுத்து முடித்ததைத் தூக்கிப் போட்ட அந்த நேர்மைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனாலும், ஸ்னஃபி நம் தெருக்காரன். அவன் வீடு உடைந்தால் நம் வீடும் உடையலாம். அந்தப் பயத்தைக் கழற்றி வைக்க செசமி தெருவில் டிராம் வண்டி கிடையாது.

மரணத்தில் கணக்கு மாறுகிறது. ரோஜர்ஸ் 1970இல் தொட்டியில் செத்துப்போன மீனைக் காட்டி, அதைப் புதைத்து, சின்ன வயதில் தன் நாய் இறந்ததைச் சொன்னார். நல்ல எபிசோட். ஆனால் 1983இல் செசமி ஸ்ட்ரீட் செய்தது அதைவிடப் பெரிது. கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ இறந்துவிட்டார். வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று கதைகட்டாமல், உண்மையைச் சொல்ல முடிவு செய்தார்கள். பிக் பேர்ட் எல்லாரையும் படமாக வரைந்து கொண்டுவந்து கொடுக்கிறது. ஹூப்பர் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், நிஜமாகவே கலங்கியபடி. ஏன் இப்படி நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் விளக்கம் இல்லை. பொம்மை மனிதர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்ததால் மட்டுமே அந்தக் காட்சி சாத்தியமானது.

ரோஜர்ஸின் உலகத்திலிருந்து வந்த ‘டாங்கி ஹோடி’ என்ற பொம்மைத் தொடரும் 2021 முதல் இருக்கிறது. முயன்று பார்ப்பது, தோற்றால் மறுபடி முயல்வது என்று கலகலப்பாகப் போகும். மேலே சொன்ன ஆழத்தை அதில் தேட வேண்டாம்.

ஒன்றே ஒன்றுதான் என்றால், மூன்று வயதுக்கு நான் ரோஜர்ஸைத் தேர்ந்தெடுப்பேன். சாயங்காலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து. எழுத்தில் ஆர்வம் வந்ததும் செசமி ஸ்ட்ரீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆரம்பகால எபிசோடுகள் ஒரு மணி நேரம் ஓடும், பாதி பாதியாகப் பிரித்துக் காட்டுங்கள். 2016 முதல் வந்தவை அரை மணி நேரம்தான். ஹூப்பர் காட்சியை மட்டும் குழந்தை தனியாகப் பார்க்க விட்டுவிடாதீர்கள். 1983இல் அதை விடுமுறை நாளில் ஒளிபரப்பியதே, குழந்தை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வீட்டில் பெரியவர்கள் இருக்க வேண்டும் என்றுதான்.