லேமினேட் தரைக்கு எது சரி: வாளி மாப்பா, ஸ்பிரே மாப்பா, நீராவியா?

சென்னை அடுக்ககங்களில் படுக்கையறைக்காவது லேமினேட் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. போட்டுக் கொடுப்பவர்கள் கிளம்பும்போது "ஈரத்துணியால துடைச்சா போதும் சார்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார்கள். சிக்கலே அந்த வரியில்தான். மொசைக்கிலும் டைல்ஸிலும் புழங்கிய நமக்கு ஈரத்துணி என்றால் வாளியில் முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, சொட்டச் சொட்ட இழுப்பது. லேமினேட்டுக்கு அது ஆகவே ஆகாது. ஏன் ஆகாது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால், கடையில் எதைக் காட்டினாலும் இது வேண்டும், இது வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஒரு பலகையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நான்கு அடுக்கு தெரியும். மேலே அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் பிசின் படலம், அதன் கீழே மரம்போல அச்சிட்ட காகிதம், நடுவில் எச்டிஎஃப் எனப்படும், மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய கெட்டிப் பலகை, அடியில் பலகை வளையாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு தாள். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், விலை கூடினால் 12. மேல் படலம் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. நடுப்பலகை குடிக்கும், குடித்தால் உப்பும், காய்ந்த பிறகும் முழுதாகப் பழைய கனத்துக்கு இறங்காது. மேலிருந்து தண்ணீர் அங்கே போக வழி பலகையும் பலகையும் சேரும் ஜாயின்ட்தான். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இது ஜாயின்டை என்ன செய்யும் என்பதைத்தான்.

முதலில் வாளியும் நூல் மாப்பும். டைல்ஸுக்கு இதைவிட நல்லது கிடையாது, லேமினேட்டுக்கு இதைவிடக் கெட்டது கிடையாது. நூல் மாப்பு நிறையத் தண்ணீர் பிடிக்கும், இழுக்கும்போது அதை ஜாயின்ட் ஓரமாகத் தேக்கிவிட்டுப் போகும். ஒரே நாளில் ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து, காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும் நேரத்தில் தரையோடு குனிந்து பாருங்கள், ஜாயின்ட் கோடுகள் மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும். நகத்தால் வருடினால் தட்டும். அந்த எழும்பிய விளிம்பில்தான் பிறகு காலும் துடைப்பமும் உரசி அச்சுக் காகிதம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சுழற்றிப் பிழியும் ஸ்பின் மாப் எவ்வளவோ மேல், ஆனால் அது பிழிகிறவர் கையைப் பொறுத்தது. நன்றாகச் சுழற்றி, கையால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது என்ற அளவுக்கு வந்தால் சரி. எனக்குப் பிடித்தது தட்டையான மைக்ரோஃபைபர் துணியோடு வரும் ஸ்பிரே மாப். காரணம் எளிது: அதில் தண்ணீர் அதிகமாக வழியே இல்லை, விசையை அழுத்தினால் ஒரு தூவல், அவ்வளவுதான். தரையில் தூவுவதைவிடத் துணியிலேயே தூவிவிட்டுத் துடைப்பது இன்னும் நல்லது. துடைத்த இடம் ஓரிரு நிமிடத்தில் தானாகக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படிக் காயாவிட்டால் பின்னாலேயே ஓர் உலர்ந்த துணியை ஓட்டிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் "தண்ணி கம்மியா" என்று தினம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இந்த அறைக்கென்று தனி மாப்பைக் கையில் கொடுத்துவிடுவது அவருக்கும் வேலை மிச்சம், தரைக்கும் பாதுகாப்பு.

ஸ்டீம் மாப் பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்கிறார்கள், கிருமி சாகும், ரசாயனம் வேண்டாம், தண்ணீர் கொஞ்சம்தான் செலவாகிறது என்று. மூன்றும் உண்மை. ஆனால் நீராவி சூட்டோடும் அழுத்தத்தோடும் வருகிறது, தண்ணீர் நுழையாத இடுக்கிலும் ஆவி நுழையும், உள்ளே போய்க் குளிர்ந்து அங்கேயே தண்ணீராகும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உத்தரவாத அட்டையிலேயே இதைக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். டைல்ஸ் போட்ட குளியலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துடைக்கும் ரோபோ, ஸ்பிரே மாப்புக்கும் ஸ்டீம் மாப்புக்கும் நடுவில் வருகிறது. தண்ணீர் அளவைக் குறைந்த நிலையில் வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் வேலை முடிந்து சார்ஜ் ஏற நிற்கும்போது ஈரத்துணி தரையோடு ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். அதன் சார்ஜரை ஹாலில் டைல்ஸ் மேல் வையுங்கள்.

அடுத்து, தண்ணீரில் என்ன கலப்பது. பினாயில் வாசனை இல்லாவிட்டால் துடைத்த மாதிரியே இல்லை என்பவர்கள் வீட்டில் உண்டு. உறிஞ்சாத தரையில் பினாயில் ஒரு படலமாக நின்றுவிடும், அதில் தூசி ஒட்டும், வெறுங்காலோடு நடந்தால் பாதத் தடம் தெரியும். வெள்ளிக்கிழமை கல்லுப்புப் போட்டுத் துடைக்கும் வழக்கத்தையும் இந்த அறைக்கு மட்டும் விட்டுவிடலாம், உப்பு காய்ந்து ஜாயின்டில் படிந்தால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். வினிகரை நிறையத் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து எப்போதாவது பயன்படுத்தலாம், தினமும் வேண்டாம். லேமினேட்டுக்கென்று விற்கும் அமிலமோ காரமோ இல்லாத திரவம்தான் சரியான தேர்வு, அதுவும் போத்தலில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம். போர் தண்ணீர் வரும் வீடுகளில் எந்தத் திரவம் ஊற்றினாலும் வெள்ளைக் கோடு விழத்தான் செய்யும், ஸ்பிரே போத்தலில் மட்டும் ஆர்ஓ தண்ணீர் நிரப்பினால் கோடு போய்விடும்.

ஈரத்துக்கு அடுத்த எதிரி மணல். செருப்பிலும் பால்கனியிலிருந்தும் வரும் குறுமணல்தான் மேல் படலத்தைக் கீறுகிறது. விளக்குமாறு வேண்டாம், பூந்துடைப்பம் தாராளமாகப் போதும். வேக்யூம் வைத்திருந்தால் சுழலும் தூரிகையை அணைத்துவிட்டு, வழுவழுத் தரைக்கென்று தரும் மென்மயிர் முனையை மாட்டுங்கள். இரண்டில் எது என்று கேட்டால் வேக்யூம்தான், ஏனென்றால் துடைப்பம் மணலைத் தள்ளிக்கொண்டே போகிறது, இது எடுத்துவிடுகிறது. ஆனால் வாரம் ஒரு முறை வேக்யூம் போடுவதைவிடத் தினமும் பூந்துடைப்பத்தால் கூட்டுவது நல்லது.

நாற்காலிக் கால்களுக்கு ஒட்டுகிற ஃபெல்ட் (கம்பளிபோல அழுத்திய மெத்துத் துணி), ஆணியோடு வரும் ஃபெல்ட், ரப்பர் குப்பி என்று மூன்று விதம் கிடைக்கும். ஒட்டுகிறது மலிவு, ஆனால் நம் ஊர் வெயிலில் பசை இளகி நகர்ந்துவிடும், நகர்ந்த ஓரத்தில் முடியும் மணலும் ஒட்டிக்கொள்ளும், அதற்கப்புறம் அதுவே உப்புத்தாளாக வேலை செய்யும். மரக்கால் என்றால் ஆணி வைத்ததை வாங்குங்கள், அடிக்கடி இழுக்கும் சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு வேறெதுவும் நிற்காது. இரும்புக் குழாய்க் காலுக்கு அடியில் ஃபெல்ட் வைத்த பிளாஸ்டிக் குப்பி கிடைக்கிறது. கறுப்பு ரப்பர் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கறை விடும். கறை விழுந்துவிட்டால் வெள்ளைத் துணியில் கொஞ்சம் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டுத் துடைத்தால் போகும், மெலமைன் அதைத் தாங்கும். எதை மாட்டினாலும் மாதம் ஒரு தடவை நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது நாற்காலிச் சக்கரம். கெட்டிச் சக்கரம் கம்பளத்துக்கானது, மென்சக்கரம் நம் தரைக்கானது. சக்கரம் முழுதும் ஒரே நிறம் என்றால் பொதுவாகக் கெட்டி, தரையில் உருளும் வளையம் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் மென்மை. பலமுறை நாற்காலி விலைக்குள்ளேயே சக்கரத்தை மாற்றித் தருவார்கள், கேட்டால் போதும். நாற்காலிக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுவது இரண்டாவது வழி, அதன் அடியில் மணல் சேர்ந்தால் அதுவும் கீறும். இரும்பு பீரோவை நகர்த்துவதென்றால் அடியில் தடித்த ஜமுக்காளத்தைச் செருகி இழுங்கள், கால்கள் நிரந்தரமாக நிற்கும் இடத்தில் அகலமான தட்டு வையுங்கள்.

மெழுகு, பாலிஷ், "பளபளப்பு மீட்பான்" என்று விற்பவற்றில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தேக்குப் பலகை எண்ணெயைக் குடிக்கும், மெலமைன் குடிக்காது. மேலே நிற்கும் மெழுகு வழுக்கும், மங்கும், திட்டுத்திட்டாகத் தேயும், எடுப்பதும் பாடு. இழைத்துப் புதுப்பிப்பதும் முடியாது, மேல் படலம் மில்லிமீட்டரில் சிறு பங்குதான், அதைத் தேய்த்தால் காகிதம் போய்விடும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீர் தாங்கும் லேமினேட் என்று வருவதில் ஜாயின்டுக்கு மெழுகோ வேறு பூச்சோ கொடுத்திருப்பார்கள், கொட்டிய தண்ணீரைத் துடைக்க அவகாசம் கிடைக்கும், உண்மையிலேயே உதவும். ஆனால் சுவர் ஓரத்தில் விடும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி வழியாக அடியில் தண்ணீர் புகுந்தால் அதுவும் உப்பும். கல்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் எஸ்பிசி வினைல் உப்பவே உப்பாது, ஆனால் அதன் மேற்பரப்பு பிளாஸ்டிக், கீறலைத் தாங்குவதில் நல்ல லேமினேட் ஒரு படி மேல். கைக்குழந்தை, செல்லநாய், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உள்ள அறைக்கு எஸ்பிசி. நாற்காலி இழுபடும் உலர்ந்த அறைக்கு, தேய்மானம் தாங்கும் அளவைச் சொல்லும் ஏசி4 தரத்தில் லேமினேட். கரையான் உள்ள தரைத்தள வீட்டுக்கு லேமினேட் வேண்டாம், நடுவில் இருப்பது மரநார் என்பதை அது உடனே கண்டுபிடித்துவிடும்.

பழுது வந்தால் இரண்டே வழி. சின்னப் பெயர்ப்பு, ஆழக் கீறல் என்றால் அதே நிறத்தில் கிடைக்கும் மெழுகுக் குச்சியை உருக்கி அடைத்துச் சமன் செய்யலாம், நின்று பார்த்தால் தெரியாது. உப்பிய பலகைக்கு மெழுகு உதவாது, அதை மாற்றத்தான் வேண்டும். சுவருக்குப் பக்கத்தில் என்றால் சுவர் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி, அங்கிருந்து ஒவ்வொரு பலகையாகப் பிரித்துக்கொண்டு வந்து மாற்றலாம். அறை நடுவில் என்றால் பழைய பலகையை அறுத்தெடுத்துப் புதியதைப் பசையோடு பொருத்த வேண்டும், இதற்குக் கை தேர்ந்தவர் தேவை. இரண்டுக்குமே அதே டிசைன் பலகை வேண்டும், கடையில் டிசைன்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் தரை போட்ட அன்றே மிச்சப் பலகைகளைத் திருப்பிக் கொடுக்காமல் வாங்கி, பரணில் படுக்கை வாட்டமாக அடுக்கி வையுங்கள், பெட்டியில் ஒட்டியிருக்கும் டிசைன் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.