எம்பிடிஐ-யா, எனியகிராமா?

உளவியலாளர் கார்ல் யுங்கின் 1921 நூலை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய குணவகைத் தேர்வு எம்பிடிஐ: எதிரெதிர் குணங்களில் நாலு ஜோடி, அதிலிருந்து 16 வகை. ஆட்களின் குணத்தை வகை பிரிக்கும் இன்னொரு முறையான எனியகிராமில் 9 வகைதான். குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும் மதினிக்கும் எம்பிடிஐ சட்டென்று உதவியது. அண்ணன் ஏலத்துக்குக் கிளம்பும்போதுதான் முடிவெடுப்பார். மதினிக்கு முந்தின ராத்திரியே மூட்டைக் கணக்கு தெரிந்தாக வேண்டும். இப்போது சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள்.

ஆனால் கடன் கேட்பவரிடம் 'இல்லை' என்று சொல்ல அண்ணனுக்கு ஏன் வாய் வருவதில்லை? அதற்கு எனியகிராம்தான் சரி. ஆசையையும் பயத்தையும் தோண்டும், கொஞ்சம் வலிக்கும். அறிவியல் ஆதாரம் இரண்டுக்குமே பலவீனம். எம்பிடிஐ-யை ஒரு மாதம் கழித்து எழுதினால் வகையே மாறலாம். கடைக்கு ஆள் எடுக்க இரண்டுமே வேண்டாம்.