10 இன்ச் கான்டாக்ட் வீல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கத்திக்கு ஹாலோ கிரைண்ட் போட, அதாவது பிளேடின் பக்கங்களைக் குழிவாகத் தேய்க்க, 2×72 பெல்ட் கிரைண்டரில் (2 இன்ச் அகலம், 72 இன்ச் நீளமுள்ள உப்புத்தாள் பெல்ட் ஓடுவது) மாட்டும் கான்டாக்ட் வீலை ஆன்லைனில் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. பெல்ட் இந்த ரப்பர் போட்ட வீல் மேல் ஓடும், பிளேடை அதன் மேல்தான் அழுத்துவோம். ஒரு வெப்சைட்டில் போட்டிருந்தது இது: "10 இன்ச், 70 டூரோ, டைனமிக் பேலன்ஸ் செய்தது, அலுமினிய ஹப், எந்த மோட்டாருக்கும் பொருந்தும்." (டூரோ என்பது ரப்பரின் கடினத்தைச் சொல்லும் எண்; டைனமிக் பேலன்ஸ் என்றால் சுற்றும்போது அதிராதபடி எடையைச் சமப்படுத்தியது; ஹப், ரப்பருக்குள் இருக்கும் உலோகச் சக்கரம்.) ஷிப்பிங் சேர்த்து 14,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. வந்து சேர்ந்த வீலில் இந்த ஐந்தில் உண்மையாக இருந்தது ஒன்றுதான்: ஹப் அலுமினியம். விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இல்லை, பெயரை மாற்றி இதே சரக்கை யாரும் விற்கலாம். வீலை எப்படி அளந்து பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

10 இன்ச் என்றால் 254 மி.மீ. ரப்பரைச் சுற்றி டேப் பிடித்தால் 798 மி.மீ. வர வேண்டும். இதில் வந்தது 763, அதாவது விட்டம் 243. பதினோரு மி.மீ. குறைந்ததால் மட்டும் கத்தி கெட்டுவிடாது. எதனால் குறைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கவாட்டில் வெர்னியர் வைத்தால் ரப்பர் கனம் ஒரு இடத்தில் 11 மி.மீ., நேர் எதிரே 7. ஹப்பின் சென்டர் விலக ரப்பரை வார்த்துவிட்டு, வட்டமாகத் தெரிவதற்காக லேத்தில் வெளிப்புறத்தைச் சீவித் தள்ளியிருக்கிறார்கள். மெலிந்த பக்கம் இறுக்கமாகவும் தடித்த பக்கம் மெத்தென்றும் இருக்கும். வெளிவட்டம் ஒழுங்காக ஓடினால்கூட, பிளேடை அழுத்தியதும் சுற்றுக்கு ஒரு தடவை துடிக்கும்.

வெளிவட்டமும் ஒழுங்காக ஓடவில்லை. ரப்பரைச் சீவும்போது லேத்தில் பிடித்தது ஹப்பின் விளிம்பை. வீல் ஓடப்போவதோ பேரிங் மேல். இரண்டுக்கும் சென்டர் ஒன்றாக இல்லையென்றால் முடிந்தது கதை. அதன் பேரிங்கிலேயே வீலை மாட்டி, பெல்ட் இல்லாமல் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) ரப்பர் மேல் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினால் முள் 0.45 மி.மீ. ஆடியது. நல்ல வீலில் 0.05-க்குள் இருக்கும். 0.1 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் பிளேடில் குறுக்கே அலை அலையாகக் கோடு விழும், 400 கிரிட் பெல்ட் போட்டாலும் அது மறையாது.

வீல் அவுட்டா, பெல்ட் ஜாயின்ட் அடிக்கிறதா என்று குழப்பம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. பெல்ட் நீளம் சுமார் 1830 மி.மீ., 10 இன்ச் வீலின் சுற்றளவு 798. பெல்ட் ஒரு சுற்று வருவதற்குள் வீல் 2.3 சுற்று சுற்றிவிடும். பெல்ட் ஜாயின்ட் மேல் சாக்பீஸால் கோடு போட்டு மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். கோடு வரும்போது மட்டும் "டக்" என்றால் பெல்ட்டை மாற்றுங்கள். அதற்கு நடுவிலும் அடித்தால் பழி வீல் மேல்.

அடுத்து பேரிங். 6203 என்ற அளவில் இரண்டு, இரண்டும் இசட்இசட் வகை, அதாவது பக்கத்தில் தகட்டு மூடி. கிரைண்டரில் பறக்கும் இரும்புத் தூள் அந்தத் தகட்டின் இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ்தான் இந்த இடத்துக்குச் சரி. இதைவிட மோசம், இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருந்த ஸ்பேசர் (இடைவெளி காக்கும் குழாய்) குட்டையாக இருந்தது. போல்ட்டை இறுக்கினால் வீல் சுற்ற மறுக்கிறது, தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் காரணத்தை வேறு எங்கேயும் தேட வேண்டாம். ஸ்பேசர் குட்டையானால் போல்ட்டின் முழு இறுக்கமும் உள்வளையங்கள் வழியாகக் குண்டுகள் மேல் ஏறும். பேரிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். ஹப்பில் பேரிங் உட்காரும் இரண்டு படிகளுக்கும் இடையே உள்ள தூரமே ஸ்பேசரின் நீளம். 0.05 மி.மீ. கூடலாம், குறையவே கூடாது.

70 டூரோ என்றது ஷோர் ஏ கேஜில் (ரப்பரின் கடினத்தை அளப்பது) 52-லிருந்து 58 வரை இடத்துக்கு இடம் மாறியது. கேஜ் இல்லாதவர்கள் கார் டயரின் டிரெட்டில் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு வீலில் அழுத்துங்கள். டயர் ஏறக்குறைய 60 முதல் 70 இருக்கும். வீல் அதைவிட எளிதாகப் பள்ளம் விழுந்தால் 70 என்பது பொய். மெத்தென்ற ரப்பர் பாலிஷுக்கு நல்லது, ஹாலோ போட ஆகாது. பிளேடை அழுத்தும்போது ரப்பர் உள்ளே அமுங்கி இரண்டு ஓரத்திலும் புடைக்கும். மேலே குழி முடியும் கிரைண்ட் கோடு மழுங்கும், கீழே கத்தி வாய் உருண்டுபோகும். வீலின் ஆரம்தான் குழிவாக வர வேண்டும், ரப்பர் அமுங்கிய வடிவம் வரக்கூடாது. அதற்கு 70 முதல் 80 வேண்டும். 90-க்குப் போனால் கோடு கத்தரித்த மாதிரி வரும், ஆனால் பெல்ட் ஜாயின்ட் ஒவ்வொன்றும் கையில் தட்டும். மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதையே வாங்குங்கள். சாய்வாக வெட்டிய பல் உள்ள வீல் இரும்பை வேகமாகத் தின்னும், ஃபைன் பெல்ட்டில் அந்தப் பல்லின் தடம் பிளேடில் இறங்கும்.

முகப்பில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தபோது இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. நடு உயர்ந்த இந்த வடிவம் டிராக்கிங் வீலுக்கு உரியது, பெல்ட்டை நடுவில் நிறுத்த. கான்டாக்ட் வீல் முகப்பு தட்டையாக இருக்க வேண்டும், ஓரம் சதுரமாக இருக்க வேண்டும். ஓரம் உருண்டிருந்தால் கைப்பிடிக்கு முன்னால் வரும் பிளஞ்ச் (கிரைண்ட் முடியும் வளைவு) இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவே வராது.

புகார் சொன்னதும் வந்த பதில்கள் வரிசையாக: "ஓட ஓட செட் ஆயிடும் சார்", "ரப்பர்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்", "மோட்டார் அலைன்மென்ட் பாருங்க." டயல் கேஜ் வீடியோ போன பிறகு, பணம் திரும்ப வராது, வேண்டுமானால் 8 இன்ச் வீல் மாற்றித் தருகிறோம் என்றார்கள். கூடவே ஒரு அறிவுரை: "குழி ஆழமா வரும், கத்தி இன்னும் ஷார்ப்பா இருக்கும்." முதலில் வந்த வீலைவிட ஆபத்தானது இந்த அறிவுரைதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். முதுகு 4 மி.மீ., தீட்டுவதற்கு முன் வாய் 0.5 மி.மீ., கிரைண்ட் உயரம் (வாயிலிருந்து குழி முடியும் கோடு வரை) 25 மி.மீ. என்று ஒரு வேட்டைக் கத்தி. 8 இன்ச் வீலில் ஆரம் 101.6. இரண்டு பக்கமும் குழித்து முடிக்கும்போது வாயிலிருந்து ஐந்து மி.மீ. மேலே பிளேடின் கனம் 0.2 மி.மீ.தான் மிஞ்சும். வாயைவிட அதன் பின்பக்கம் மெலிசு. ஹீட் ட்ரீட்மென்ட்டில் அந்த இடம் அலை மாதிரி வளையும்; தப்பித்தாலும் ஒரு எலும்பில் பட்டால் வாய் அப்படியே பிறை வடிவில் பெயரும். 10 இன்ச்சிலும் இதே கத்திக்கு வாய்க்குச் சற்று மேலே 0.4 ஆகிவிடும். 14 இன்ச்சில்தான் வாயிலிருந்து முதுகு வரை கனம் குறையாமல் ஏறும்.

இதற்கு ஒரு சூத்திரம்: முதுகு கனத்திலிருந்து வாய் கனத்தைக் கழித்து, வீலின் ஆரத்தால் பெருக்குங்கள். வருவதன் வர்க்கமூலம்தான் அந்த வீலில் எடுக்கக்கூடிய அதிகபட்ச கிரைண்ட் உயரம். மேலே சொன்ன 4-க்கு 0.5 கத்தியில் 8 இன்ச்சுக்கு 18.9 மி.மீ., 10 இன்ச்சுக்கு 21, 14 இன்ச்சுக்கு 24.9. முதுகு 3 மி.மீ. ஆனால் 10 இன்ச்சில் 17.8 மி.மீ.தான். எந்தக் கத்தி அதிகம் செய்கிறீர்களோ அதற்கு இந்தக் கணக்கைப் போட்டு, பிறகு வீல் அளவைத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரரிடம் ஸ்டாக் இருக்கும் அளவு உங்களுக்குப் பொருந்தும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

"எந்த மோட்டாருக்கும்" என்ற வாக்கியத்தையும் நம்பாதீர்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் டூ போல் மோட்டார் சுமார் 2880 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2880 சுற்று) ஓடும். (அமெரிக்க வீடியோக்களில் சொல்வது 60 ஹெர்ட்ஸின் 3450, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.) மோட்டாரில் பெல்ட்டை இழுக்கும் 100 மி.மீ. டிரைவ் வீல், கான்டாக்ட் வீல் சும்மா சுற்றும் வீலாக இருந்தால் பெல்ட் வினாடிக்கு 15 மீட்டர், கான்டாக்ட் வீல் 1130 ஆர்பிஎம் சொச்சம். அதே 10 இன்ச் வீலை மோட்டார் ஷாஃப்டில் நேரே மாட்டினால் பெல்ட் வினாடிக்கு 38 மீட்டர். பிளேடு நொடியில் நீலம் பாயும். பேலன்ஸில் உள்ள பிழையும் அப்போதுதான் பல்லைக் காட்டும். ரப்பருக்கு அருகில், சென்டரிலிருந்து 110 மி.மீ. தள்ளி, 20 கிராம் கூடுதலாக இருந்தால் 1130-ல் வீலை இழுக்கும் விசை 3 கிலோ, 2880-ல் 20 கிலோ. அதிகபட்ச ஆர்பிஎம் அச்சிடாத வீலை ஷாஃப்டில் மாட்டாதீர்கள். ரப்பர் வல்கனைஸ் செய்து (ஹப் மேலேயே சூட்டில் வேகவைத்து) ஒட்டியதா, பசை போட்ட வளையமா என்றும் கேளுங்கள். பசை சூட்டில் விட்டுக்கொடுத்தால் வளையம் முகத்துக்கு நேராகத்தான் வரும்.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்குப் பிறகு "70 டூரோ" என்ற வரி அங்கே காணாமல் போயிருந்தது. 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அளவுகளை எழுதி, புகைப்படத்தோடு புகார் பதிந்தாகிவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு வீல் கையில் மாட்டியிருந்தால் ஹப்பைத் தூக்கிப் போட வேண்டாம். அச்சக ரோலர்களுக்கு ரப்பர் போடும் பட்டறையில் பழையதை உரித்து, 12 மி.மீ. கனத்தில் 75 ஷோர் ஏ போடச் சொல்லுங்கள். அதற்கு முன் ஹப்பின் வெளிவட்டத்தை பேரிங் குழியை வைத்து சென்டர் எடுத்துக் கடையச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ரப்பர் கனம் மறுபடியும் ஏறி இறங்கும். ரப்பர் வெந்து ஆறிய பிறகு கடைசி கிரைண்டிங்கை வீல் அதன் சொந்த பேரிங்கில், சரியான ஸ்பேசரோடு சுற்றும்போது செய்யுங்கள். ஹப்பை லேத்தின் சக்கில் பிடித்துச் சீவித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.