ஆடியோ வேதாகமப் பெட்டி: குரல் அருமை, விளம்பரம்தான் வம்பு

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச நாளைக்குக் கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றார் டாக்டர். வேதம் வாசிக்காமல் காலைக் காப்பி தொண்டையில் இறங்காத ஆள் அவர். அதனால் 1,450 ரூபாய்க்கு ஆடியோ வேதாகமப் பெட்டி ஒன்று வாங்கினேன். சோப்பு டப்பா அளவுதான். உள்ளே மெமரி கார்டு, அதில் 66 புத்தகங்களும்.

முதலில் குரல். வாசிக்கிறவர் யாரோ, வாயில் நல்ல தமிழ். ‘கர்த்தர்’ என்று வரும் இடத்தில் ‘கர்த்தரு’ என்று இழுக்கவில்லை, மேடைப் பிரசங்கம்போல அதட்டவும் இல்லை. அம்மா இதைத்தான் முதலில் கவனித்தார். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘கர்த்தர்’ என்பது சும்மா ஒரு பட்டம் இல்லை. எபிரெய மூலத்தில் நான்கு எழுத்தில் இருக்கும் கடவுளின் சொந்த நாமத்தின் இடத்தில் வருகிற சொல். யூதர்கள் அந்த நாமத்தை உச்சரிக்காமல் ‘அதோனாய்’ (என் ஆண்டவர்) என்று வாசித்த அதே பயபக்திதான் தமிழுக்கும் வந்திருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் இதைக் காட்ட ‘LORD’ என்று பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டியிருக்கிறது. நமக்குத் தனித்தனி வார்த்தையே உண்டு. 110-ஆம் சங்கீதத்தில் ‘கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி’ என்று வரும்போது இரண்டும் வேறு என்று காதுக்கே தெரிகிறது. கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் அதே இடம் ‘ஆண்டவர் என் தலைவரிடம்’ என்று இருக்கும்.

யாத்திராகமம் 6:3-ஐ வேண்டுமென்றே போட்டுக் கேட்டேன். ‘கர்த்தர்’ என்று மாற்றாமல் அந்த நாமமே ‘யேகோவா’ என்று வரும் அபூர்வமான இடங்களில் அது ஒன்று. அங்கே மட்டும் வாசிக்கிறவர் அரை விநாடி நின்று சொல்கிறார். பின்னணி இசையும் அந்த நேரம் அடங்கியிருந்தது. அந்த அரை விநாடிக்கே காசு சரியாகிவிட்டது.

இப்போது வம்புக்கு வருகிறேன். ஒவ்வொரு அதிகாரத்துக்கும் முன்னால் ஒரு பெண் குரல்: “கர்த்தருடைய நாமத்தினாலே இதை உங்களுக்கு வழங்குவோர்…” அப்புறம் கடைப் பெயர், ஊர், போன் நம்பர், ஒரு மணியோசை. மொத்தம் 20 விநாடி. வேதத்தில் 1,189 அதிகாரம் இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 117-ஆம் சங்கீதம் இரண்டே வசனம். விளம்பரம் அதைவிட நீளம். மூன்றாம் நாள் யாத்திராகமம் 20 ஓடியது. ‘உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக’ என்று முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “எய்யா, வீணிலே வழங்குறதுன்னா என்னன்னு இத்தனை வருசமா ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளக்கிக்கிட்டு இருந்தேன். இந்தப் பொம்பளை ஒரே வரியில வெளக்கிட்டா.”

அம்மா இதில் கொஞ்சம் கறார்தான். ஜெபத்தில் வார்த்தை கிடைக்காதபோதெல்லாம் ‘அல்லேலூயா’ போட்டு நிரப்புகிறவர்களைக் கண்டாலே முகம் சுருங்கும். கடைசியில் இருக்கிற ‘யா’ அதே நாமத்தின் சுருக்கம், அது தெரியாமல் இருமல் மாதிரி சொல்கிறார்களே என்பார். எனக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் போன் நம்பருக்கு முன்னால் அந்த நாமத்தைக் கேட்கும்போது எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது.

மற்றதெல்லாம் பரவாயில்லை. பொத்தான்கள் பெரிசு, சார்ஜ் மூன்று நாள் நிற்கிறது, அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. சத்தத்தை முழுக்க வைத்தால் கரகரக்கிறது.

கடைக்குப் போன் போட்டேன். “ஸ்தோத்திரம் சார், அது ஊழியத்துக்காகப் போட்டது” என்று வைத்துவிட்டார்கள். அக்கா மகன் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, 150 சங்கீதங்களுக்கும் முன்னால் இருக்கிற அந்த 20 விநாடியை வெட்டிக் கொடுத்தான். ஒரு ராத்திரி வேலை. மற்றப் புத்தகங்கள் பாக்கி.

ஐந்துக்கு மூன்றரை. விளம்பரத்தை எடுத்துவிட்டு விற்றால் நூறு ரூபாய் கூடவே கொடுத்து இன்னொன்று வாங்குவேன், பெரியம்மாவுக்கும் வேண்டுமாம்.