பொரிக்கத் திணறும் குஞ்சு: காத்திருப்பதா, கைகொடுப்பதா?

வீட்டில் இன்குபேட்டர் (முட்டைகளை இளஞ்சூட்டில் வைக்கும் பெட்டி) வைத்துக் கோழிக்குஞ்சு பொரிக்கும் எவரும் 21ஆம் நாளையொட்டி ஒரு கேள்வியில் வந்து நிற்பார்: ஓட்டில் கொத்து விழுந்து பல மணி நேரமாகியும் வெளிவராத குஞ்சைத் தானாக வரட்டும் என்று விடுவதா, நாமே ஓட்டை உரித்து எடுப்பதா? சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழி வளர்க்க அனுமதியில்லை; தரைவீட்டில் இருப்பவர்களும் ஒரு தடவைக்குச் சில முட்டைகளையே வைப்பதால், ஒவ்வொரு குஞ்சின் மீதும் மனம் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது.

காத்திருப்பதற்கான நியாயம் குஞ்சின் உடலிலேயே இருக்கிறது. முதலில் அது முட்டைக்குள் இருக்கும் காற்றறையை அலகால் துளைத்து, நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. பிறகு ஓட்டைக் கொத்துகிறது. அதன்பின் 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிதாக எதுவும் நடக்காததுபோல் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஓட்டுக்கு உட்புறமுள்ள சவ்வின் நாளங்களிலுள்ள இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. மிச்ச மஞ்சள் கருவும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. களைப்பு என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் கடைசி வேலை. முதல் தடவை நான் எட்டு மணி நேரம்கூடப் பொறுக்காமல் சவ்வை உரித்தேன். இடுக்கியின் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் திரண்டது. தொப்புளில் மஞ்சள் கரு உள்ளே போகாமல் பிதுங்கி நின்றது. விடிவதற்குள் அந்தக் குஞ்சு இறந்துவிட்டது.

ஆனாலும், உதவியே கூடாது என்பாரின் வாதத்தை, அதாவது தானாக வர முடியாத குஞ்சு பிழைக்கத் தகுதியற்றது என்பதை, நான் ஏற்பதில்லை. பல சமயம் தவறு குஞ்சினுடையதன்று, நாம் கொடுத்த ஈரப்பதத்தினுடையது. 28 பாகையில் 80 விழுக்காடு ஈரமுள்ள நம் ஊர்க் காற்று, பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடேறும்போது 50 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். முதல் 18 நாளுக்கு ஏறக்குறைய அதுவே போதும். அதே பெட்டியைக் குளிர்சாதன அறையில் வைத்தால், ஈரம் அதில் பாதியளவுக்குக்கூடச் சரியலாம். கடைசி மூன்று நாளில் 65 முதல் 70 விழுக்காடு தேவைப்படும் வேளையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால், கொத்திய இடத்துச் சவ்வு உலர்ந்து, காகிதம்போல் விறைத்து, குஞ்சைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொண்ட குஞ்சைப் பார்த்துக்கொண்டே இருப்பது பொறுமையன்று.

ஆகவே, கடிகாரத்தைவிடச் சவ்வின் நிறத்தையே நான் நம்புகிறேன். சவ்வு ஈரமாக இருந்து, குஞ்சு கத்திக்கொண்டிருந்தால், 24 மணி நேரம் வரை மூடியைத் தொடுவதில்லை. அதற்குப் பிறகும் முன்னேற்றமின்றிச் சவ்வு பழுப்பாக வறண்டிருந்தால், அல்லது குஞ்சு முட்டையின் கூர்முனையில் கொத்திச் சுற்றிவர வழியின்றித் தவித்தால், உதவியில் இறங்குகிறேன். அப்போதும் ஒரேயடியாக உரித்தெடுப்பதில்லை: வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் சவ்வை ஈரமாக்கி, மூக்குத் துளைக்குள் நீர் போகாமல் பார்த்துக்கொண்டு, அலகைச் சுற்றி ஓட்டை மட்டும் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுக்கிறேன். சிவப்பாக ஒரு நாளம் தெரிந்தாலும் கையை எடுத்துவிட்டு, முட்டையைத் திரும்பப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரம் விடுகிறேன். தலை விடுபட்ட பிறகு கீழ்ப்பாதி ஓட்டை நான் தொடுவதே இல்லை; அதை உதைத்துத் தள்ளி வருவது குஞ்சின் பாடு.