குளோபசாம்: அடங்காத வலிப்புக்குக் கூட்டிக் கொடுக்கும் குளிசை

வல்ப்ரோயேட்டோ காபமசப்பீனோ சரியான அளவில் பாவித்தும் வலிப்பு அடங்காதவர்களுக்கு, அதோடு சேர்த்துக் கொடுக்கும் குளிசைகளில் குளோபசாம் நல்லதொன்று. ஃப்ரிசியம் என்ற பெயரிலும் வரும். லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்புக் குளிசையை வாரக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். குளோபசாமின் பலனோ கெதியாகத் தெரியும். லெனொக்ஸ்-காஸ்டோ என்ற, சிறுவயதில் தொடங்கும் கடுமையான வகை வலிப்புக்கு, 2 வயது தொடக்கம் கொடுக்க 2011இல் அமெரிக்கா அனுமதித்தது.

அந்த அனுமதியின்படி 30 கிலோ வரை உள்ளவருக்கு நாளுக்கு 5 மி.கி., அதற்கு மேல் 10 மி.கி. என்று தொடங்குவார்கள். 5 மி.கி. ஒரே வேளை, கூடினால் காலை, இரவு. முழுங்க மாட்டாத பிள்ளைக்குப் பொடியாக்கி, மசித்த வாழைப்பழத்தில் ஒரு கரண்டி கலந்து கொடுக்கலாம். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் நோன்பு பிடிப்பவர்கள் சஹருக்கும் நோன்பு திறந்த பிறகுமாக நேரத்தை மாற்றலாமா என்று முதலே டொக்டரிடம் கேளுங்கள். நித்திரை குறைந்தாலே வலிப்பு கூடும், குளிசை நேரத்துக்குப் போனாலும்.

குறைகளும் உண்டு. தூக்கம், தள்ளாட்டம், பிள்ளைகளுக்கு வாயூறல், சிலருக்கு மூர்க்கம். ஈரலில் இது இன்னொரு பொருளாக மாறும். அதில் பாதி கழியவே 71 முதல் 82 மணித்தியாலம் எடுக்கும். நெஞ்செரிவுக்கு பாமசியில் வாங்கும் ஒமெப்ரசோல் அது கழிவதைத் தடுக்கும். அளவைக் கூட்டாமலே பிள்ளை பகலெல்லாம் தூங்கி விழுந்தால் முதலில் இதை விசாரியுங்கள். மது குளோபசாமின் அளவை இரத்தத்தில் ஏறக்குறைய 50 சதவீதம் கூட்டும். ட்ரமடோல், கோடீன் போன்ற வலி மருந்துகள் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில மாதத்தில் உடம்பு பழகி, பலன் குறைவதும் உண்டு. அப்போது அளவை ஏற்றிக்கொண்டே போனால் தூக்கம்தான் கூடும். மாதவிலக்கையொட்டி மட்டும் வலிப்பு வரும் பெண்களுக்கு அந்தச் சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பது எங்களுக்குப் பிடித்த முறை, பழகிப்போக இடம் குறைவு.

பெரிய ஆபத்து, திடீரென்று நிறுத்துவது. நிற்காத தொடர் வலிப்பில் கொண்டுபோய்விடும். குறைப்பதானால் டொக்டர் சொல்படி வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வரைதான். மாரியில் வெள்ளம் வந்து மட்டக்களப்பின் படுவான்கரை வீதிகள் மறிபட்டால் கிளினிக் நாள் தவறும். ஐப்பசியிலேயே கிளினிக் கொப்பியைக் காட்டி, இரண்டு கிழமைக்கு மேலதிகமாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது இதை வாயில் போடக் கூடாது, புரைக்கேறும். சரித்துப் படுக்கவைத்து மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.